புகையிலை நிலத்தில் ஒரு வைரஸ்: கொங்குப் பகுதியில் தொண்டைப் புற்றின் வரலாறு

தொண்டையில் வரும் புற்று எல்லாம் ஒரே நோய் அல்ல. மூக்குக்குப் பின்னால் அண்ணத்துக்கு மேலே இருப்பது மூக்குத்தொண்டை. வாயைத் திறந்தால் எதிரே தெரியும் சுவர், இருபுறமும் உள்ள டான்சில்கள், நாக்கின் வேர்ப்பகுதி ஆகியவை சேர்ந்தது வாய்த்தொண்டை. அதற்குக் கீழே உணவுக்குழாய் தொடங்கும் வரை உள்ளது கீழ்த்தொண்டை. அதை ஒட்டி முன்புறம் குரல்வளை. இவற்றில் கீழ்த்தொண்டையிலும் குரல்வளையிலும் வரும் புற்றுக்குப் பெரும்பாலும் புகையிலையும் மதுவும் காரணம். டான்சிலிலும் நாக்கின் வேரிலும் வரும் புற்றுக்கு அவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு: ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. மூக்குத்தொண்டைப் புற்றோடு தொடர்புடையது எப்ஸ்டைன்-பார் என்னும் வேறொரு வைரஸ்.

திருப்பூரும் அதைச் சுற்றியுள்ள அவிநாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம் பகுதிகளும் இந்த வரலாற்றில் இரண்டு வகையில் இடம்பெறுகின்றன. மெல்லும் புகையிலை இங்கே தலைமுறை தலைமுறையாக விளைந்தது. வைரஸ் பற்றிய தென்னிந்தியாவின் முக்கியமான களஆய்வுகளில் ஒன்று தாராபுரத்துக்குத் தெற்கே, ஒட்டன்சத்திரம் பக்கத்தில் நடந்தது. இலைக்கும் வைரஸுக்கும் இடையில் ஏறக்குறைய நூறு ஆண்டு மருத்துவ ஆராய்ச்சி இருக்கிறது.

புகையிலை போர்த்துகீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்த பயிர். கொங்குச் சீமையில் அது நிலைத்துவிட்டதற்குக் கிணறுகள் ஒரு காரணம். மழை குறைந்த இந்த நிலத்தில் உழவர்கள் ஆழக் கிணறு தோண்டி, கவலை கட்டி நீர் இறைத்துத் தோட்டப் பயிர் செய்தார்கள். பல கிணறுகளின் தண்ணீர் உப்பு கலந்தது. மற்றப் பயிர்களுக்கு ஆகாத அந்த உப்புநீர் மெல்லும் புகையிலைக்குப் பொருந்தியது. 1800ஆம் ஆண்டின் இறுதியில் இந்தப் பகுதி வழியாகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் தம் குறிப்புகளில் தோட்டப் பயிர்களுள் ஒன்றாகப் புகையிலையையும் பதிவு செய்தார். பாலக்காட்டுக் கணவாய் வழியே கோயம்புத்தூர்ப் புகையிலை மலபாருக்குப் போனது. அந்த வணிகத்தில் லாபம் மிகுந்திருந்ததால், 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கிழக்கிந்தியக் கம்பெனி அதைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டது. 1948இல் வேடசந்தூரில் ஒரு புகையிலை ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது.

அறுத்த இலையைப் புகைமூட்டியோ வெயிலில் காயவைத்தோ, கருப்பட்டி நீர் தெளித்து, அடுக்கி வைத்துப் பதப்படுத்துவார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு சேர்ந்து அது வாய்க்குள் போனது. ஆண், பெண் இருபாலரும் மென்றார்கள். வயலில் குனிந்து வேலை செய்யும்போது பசியையும் அலுப்பையும் தள்ளிவைக்கும் துணையாக அது இருந்தது. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி, சிலர் இரவு தூக்கத்திலும் அப்படியே வைத்திருந்தார்கள்.

அந்த ஒதுக்கிய இடத்திலேயே புண் வருவதை முதலில் எழுதி வைத்தவர்கள் தென்னிந்திய மருத்துவமனைகளில் பணியாற்றிய அறுவை மருத்துவர்கள். சென்னைப் பொது மருத்துவமனையில் இருந்த நிப்லாக், 1902இல் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் இந்தியாவில் புற்றுநோய் பற்றிக் கட்டுரை எழுதினார். இங்கிலாந்தில் அரிதாகவே பார்க்கக்கூடிய கன்னப் புற்று இங்கே அவர் மேசைக்கு அடிக்கடி வந்தது. அன்றைய தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனை இன்னும் பெரிய ஆதாரத்தைத் தந்தது. அங்கே பணியாற்றிய பெண்டால், 1908இல் 1,700 புற்றுநோயாளிகளின் விவரத்தைத் தொகுத்து 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியிட்டார். வாய்ப் புற்றே அதில் மிகுந்திருந்தது. 1922 எவரெஸ்ட் பயணத்தில் பங்கேற்ற ஹாவர்ட் சோமர்வெல் பிறகு நெய்யூருக்கு வந்து பல ஆண்டுகள் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். அதே மருத்துவமனையைச் சேர்ந்த ஆர் என்பவர், 1933இல் 'லான்செட்' இதழில் திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப் புற்றைப் பற்றி எழுதி, தாம்பூலத்தில் சேரும் புகையிலையைக் குற்றவாளியாகக் காட்டினார். எந்தப் பக்கம் ஒதுக்குகிறார்களோ அந்தப் பக்கம்தான் கட்டி வருகிறது என்பது மிக எளிய கவனிப்பு. ஆனால் புகையிலையும் நுரையீரல் புற்றும் பற்றிய புகழ்பெற்ற பிரிட்டிஷ் ஆய்வுகள் 1950இல் வெளிவருவதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே அது அச்சேறிவிட்டது. தமிழ்நாட்டின் மருத்துவ வரலாற்றில் நெய்யூருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைப் புற்று உண்டாக்குவதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985இல் அறிவித்தது. புகையிலை சேராத பாக்கும் அவ்வாறே என்று 2004இல் வெளியான தொகுதியில் சேர்த்தது.

மெல்லும் பழக்கம் வயலோடு நிற்கவில்லை, ஆலைக்குள்ளும் வந்தது. திருப்பூரில் முதல் பின்னல் ஆலை 1925 வாக்கில் தொடங்கியதாகக் கூறுவார்கள். வெள்ளை பனியன் தயாரித்த ஊர், 1970களின் இறுதியில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்தபின் ஏற்றுமதி நகரமானது. நிட்டிங், சாயப்பட்டறை, காம்பேக்டிங், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வேலை பல கூடங்களாகப் பிரிந்தது. எல்லாக் கூடத்திலும் பஞ்சுத்தூசும் துணியும் இருப்பதால் பீடி பற்றவைக்க முடியாது. ஆலை வாசலுக்கு வெளியே போக ஷிப்டில் நேரம் கிடையாது. மெல்லும் புகையிலைக்கு நெருப்பு வேண்டாம், கையும் வேண்டாம். கட்டிங் மாஸ்டர் கத்தரியை நிறுத்தாமல், டெய்லர் மிஷினை விட்டு எழாமல் உதட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். கண்டெய்னர் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கினால் வேலை விடிய விடிய நடக்கும். தூக்கத்தைத் தள்ள டீக்கு அடுத்தபடியாகக் கைகொடுத்தது அதுதான்.

1980களுக்குப் பிறகு கயிற்றில் தொங்கும் சிறிய பொட்டலங்கள் பெட்டிக்கடைகளுக்கு வந்தபோது பழக்கத்தின் வடிவம் மாறியது. வெற்றிலையும் சுண்ணாம்பும் தேவைப்படாத, சட்டைப் பையில் அடங்கும் புகையிலை அது. தேனி, மதுரை, விருதுநகர் பக்கங்களிலிருந்து வந்தவர்களும், பிற்பாடு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் தத்தம் ஊர்ப் பழக்கத்தோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். தமிழ்நாடு அரசு 2001இல் குட்காவைத் தடை செய்தது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மறுபடி தடை வந்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை ஆணையை ரத்து செய்ய, அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

வைரஸின் கதை வேறொரு கண்டத்தில், வேறோர் உயிரிடம் தொடங்கியது. 1911இல் நியூயார்க்கில் பெய்டன் ரவுஸ், கோழியின் கட்டியை அரைத்து வடிகட்டிய நீரால் இன்னொரு கோழிக்குக் கட்டியை உண்டாக்கிக் காட்டினார். அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு 1966இல்தான் வந்தது. 1933இல் ரிச்சர்ட் ஷோப், காட்டு முயல்களின் தோலில் கொம்பு போல வளரும் மருவுக்கு ஒரு பாப்பிலோமா வைரஸ் காரணம் என்று கண்டார். மனிதரில் முதல் சான்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வரும் கட்டியை டெனிஸ் பர்கிட் 1958இல் விவரித்தார். அந்தக் கட்டியின் செல்களில் 1964இல் எப்ஸ்டைன், அச்சோங், பார் மூவரும் ஒரு வைரஸைக் கண்டார்கள். அதே வைரஸ் மூக்குத்தொண்டைப் புற்றிலும் இருப்பது பின்னர் தெரிந்தது. தென்சீனாவிலும், இந்தியாவில் நாகாலாந்து போன்ற வடகிழக்குப் பகுதிகளிலும் அந்த நோய் மிகுதி. தமிழ்நாட்டில் அது அரிது. வடகிழக்கிலிருந்து பின்னலாடை வேலைக்கு வந்தவர் கழுத்துக் கட்டியோடும் அடைத்த காதோடும் வந்து நின்றால், மருத்துவர் மூக்குத்தொண்டையையும் பார்க்க வேண்டும் என்பதற்காக இதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

எச்.பி.வி.யைப் புற்றோடு இணைத்தவர் ஜெர்மானியரான ஹரால்ட் சூர் ஹாசன். கருப்பைவாய்ப் புற்றுக்கு ஹெர்பிஸ் வைரஸ்தான் காரணம் என்று பலரும் நம்பிய 1970களில், மரு உண்டாக்கும் பாப்பிலோமா குடும்பத்தைத் தேடச் சொன்னார். 1983இல் அவர் குழு எச்.பி.வி. 16ஐயும் அடுத்த ஆண்டு 18ஐயும் புற்றுத் திசுவிலிருந்து பிரித்தெடுத்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தொண்டைக்கும் இதற்கும் தொடர்பிருக்கலாம் என்ற முதல் குறிப்பும் 1983இல்தான் வந்தது. பின்லாந்தைச் சேர்ந்த காரி சிர்யானெனும் ஸ்டினா சிர்யானெனும் வாய்ப் புற்றுத் திசுக்களில் இந்த வைரஸின் தடயத்தைக் கண்டு எழுதினார்கள். 2000இல் அமெரிக்காவின் மாரா கில்லிசன் குழு, தலை, கழுத்துப் பகுதிப் புற்று இருந்த 253 பேரின் கட்டிகளைச் சோதித்தது. நான்கில் ஒன்றில் வைரஸ் இருந்தது. அவற்றில் பத்துக்கு ஒன்பது எச்.பி.வி. 16. அந்தக் கட்டிகள் பெரும்பாலும் வாய்த்தொண்டையில், குறிப்பாக டான்சிலில் இருந்தன. 2007இல் பன்னாட்டு முகமை, எச்.பி.வி. 16 வாய்த்தொண்டைப் புற்றை உண்டாக்குகிறது என்பதை ஏற்றுக்கொண்டது.

டான்சிலின் மேற்பரப்பு சமமானதல்ல. ஆழமான குழிகள் அதில் நிறைந்திருக்கின்றன. குழியின் அடியில் உள்ள மெல்லிய, சல்லடை போன்ற செல்படலத்தில் வைரஸ் எளிதாகப் புகுகிறது. நெருங்கிய உடலுறவால், முக்கியமாக வாய்வழிப் பாலுறவால் அது வாய்க்கு வந்து சேர்கிறது. பெரும்பாலோர் உடலில் ஓரிரு ஆண்டுகளில் அது தானாகவே மறைந்துவிடும். சிலரிடம் மட்டும் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றாகிறது. வைரஸின் மரபணுக்களில் இ6, இ7 என்ற இரண்டு இதற்குக் காரணம். இ6 உண்டாக்கும் புரதம், செல் தாறுமாறாகப் பெருகும்போது அதை நிறுத்தும் பி53 என்ற புரதத்தை அழிக்கிறது. இ7, செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் ஆர்பி என்ற புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. ஆர்பி விலகியதும் பி16 என்ற இன்னொரு புரதம் செல்லில் மிகையாகச் சேர்கிறது. நோயியல் ஆய்வகம் கட்டியின் திசுவில் சாயமேற்றித் தேடுவது இந்தப் பி16ஐத்தான். புகையிலை வேறு வழியில் வேலை செய்கிறது: அதன் நைட்ரோசமைன்கள் பி53 மரபணுவையே நேரடியாகச் சிதைக்கின்றன.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிகரெட் குறைந்து, வைரஸால் வரும் டான்சில் புற்று பெருகியது. தென்னிந்தியாவுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்பதில் நீண்ட குழப்பம் இருந்தது. 1995இல் திருவனந்தபுரத்திலிருந்து பிரபா பாலராம் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், தாம்பூலம் போடும் 91 பேரின் வாய்ப் புற்றுத் திசுக்களில் பெரும்பாலானவற்றில் எச்.பி.வி. இருந்தது, ஒரே கட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளும் இருந்தன. புகையிலை நாட்டிலும் வைரஸ்தான் மூலமோ என்ற கேள்வி அப்போது எழுந்தது. 2003இல் ஒன்பது நாடுகளில் பன்னாட்டு முகமை நடத்திய பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. சென்னை, பெங்களூர், திருவனந்தபுரம் நோயாளிகளையும் உள்ளடக்கிய திட்டம் அது. அதில் வாய்க்குழிப் புற்றுகளில் 3.9 விழுக்காட்டிலும் வாய்த்தொண்டைப் புற்றுகளில் 18.3 விழுக்காட்டிலும் மட்டுமே வைரஸின் டி.என்.ஏ. கிடைத்தது. புகைப்போரிடமும் தாம்பூலம் போடுவோரிடமும் அது மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது.

இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று இவ்வளவு விலகி நிற்பதற்குச் சோதனை முறையும் ஒரு காரணம். மிக நுட்பமான பி.சி.ஆர். சோதனை, எச்சிலில் வழிப்போக்காக இருந்த வைரஸின் துணுக்கையும் பிடித்துவிடும். திசுவில் டி.என்.ஏ. இருப்பது வேறு, இ6, இ7 மரபணுக்கள் செயல்பட்டுப் புற்றை உண்டாக்குவது வேறு. இந்த வேறுபாடு தெளிவான பிறகு, தென்னிந்தியாவில் கன்னப் புற்றும் குரல்வளைப் புற்றும் பெரும்பாலும் புகையிலையின் விளைவு என்றும், டான்சில், நாக்கு வேர்ப் புற்றுகளில் ஒரு பங்கு வைரஸின் விளைவு என்றும் ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். அந்தப் பங்கு மேலைநாடுகளைவிடச் சிறியது. சிறியது என்பதால் தள்ளிவிடக்கூடியது அல்ல. புகையிலை குறையக் குறைய வைரஸின் பங்கு மேலே வரும் என்பதை அந்த நாடுகளின் அனுபவமே காட்டுகிறது.

அதே வைரஸ் கொங்குப் பகுதியின் கிராமங்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது பெண்களின் வழியாகத்தான் தெரியவந்தது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையம் இருக்கிறது. தாராபுரம் வட்டத்தின் எல்லைக்கு எட்டிய தூரம். அம்பிளிக்கையில் உள்ளதைப் போன்ற மானாவாரி நிலமும் கிணற்றுத் தோட்டமும்தான் தாராபுரத்திலும். இந்த மையத்தின் மருத்துவர் ராஜ்குமாரும் பன்னாட்டு முகமையின் சில்வியா பிரான்செஸ்கி குழுவும் 1,891 பெண்களிடம் நடத்திய சோதனை 2005இல் வெளியானது. அவர்களில் 16.9 விழுக்காட்டினரிடம் எச்.பி.வி. இருந்தது. ஒழுக்கம் பற்றிய பேச்சால் இந்த வைரஸை நகரத்தின் தலையில் கட்டிவிட முடியாது என்பதை அந்த ஒரு எண் காட்டிவிட்டது. அவர்கள் திருமணமான கிராமத்துப் பெண்கள்.

இதே அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000இல் தொடங்கிய இன்னோர் ஆய்வு உலகக் கவனத்தைப் பெற்றது. திண்டுக்கல் மாவட்டத்தில் 114 ஊராட்சித் தொகுதிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். வெளுத்துத் தெரியும் இடத்தை அங்கேயே உறையவைத்து அகற்றினார்கள். 31,343 பெண்கள் சோதிக்கப்பட்டார்கள். ரெங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் 2007இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவின்படி, சோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்று 25 விழுக்காடும் அதனால் வரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்தன. ஆய்வகமோ நிபுணரோ இல்லாத ஊர்களில் இது சாத்தியமானது. தொண்டைக்கு இத்தகைய சோதனை எதுவும் இல்லை. வைரஸால் வரும் டான்சில் புற்று குழியின் அடியில் தொடங்குவதால், வாயைத் திறந்து டார்ச் அடித்தாலும் தெரியாது. அதற்கு முந்தைய நிலையும் கண்ணுக்குப் படுவதில்லை.

நோய் கண்டபின் போவதற்கு இந்தப் பகுதி மக்களுக்கு நெடுங்காலம் சென்னைதான் இருந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்குத் திருப்பூரிலிருந்து இரவு ரயிலில் போய் வந்தவர்கள் உண்டு. கோயம்புத்தூரில் கதிர்வீச்சு மையங்கள் பெருகியபின் அந்தப் பயணம் சுருங்கியது. திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது.

சிகிச்சையில் காரணத்தைத் தெரிந்துகொள்வது முக்கியம். 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கதிர்வீச்சும் கீமோவும் பெற்ற வாய்த்தொண்டைப் புற்றாளர்களில் வைரஸ் இருந்தவர்களில் 82.4 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தார்கள். வைரஸ் இல்லாதவர்களில் 57.1 விழுக்காட்டினர். வைரஸ் இருந்தும் புகைத்தவர்களுக்கு அந்த நன்மை குறைந்தது. 2017இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுப் புற்று நிலைப்பகுப்பின் எட்டாம் பதிப்பு, பி16 உள்ள வாய்த்தொண்டைப் புற்றைத் தனி நோயாகவே பிரித்தது. ஆனால் வைரஸின் பங்கு சிறிதாக உள்ள இந்தியா போன்ற இடத்தில், பி16 இருந்தும் வைரஸ் இல்லாத கட்டிகள் கூடுதலாக இருக்கும். பி16ஐ மட்டும் நம்பி நல்ல முடிவை எதிர்பார்ப்பது ஆபத்து. வைரஸின் மரபணுவையும் தேடிப் பார்க்க வேண்டும். இன்றும் பலரும் கவனிக்காமல் விடும் அறிகுறி ஒன்று உண்டு: கழுத்தின் ஒரு பக்கத்தில் வலியே இல்லாத கட்டி. மூன்று வாரத்துக்கு மேல் அது தங்கினால், புகையிலை தொடாதவராக இருந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தடுப்பூசி 2006இல் வந்தது. அது வைரஸ் உடலில் நுழைவதற்கு முன் போட வேண்டியது என்பதால் 9 முதல் 14 வயதே ஏற்ற காலம். கருப்பைவாய்ப் புற்றைக் குறிவைத்து உருவான ஊசி என்றாலும், வாய்த்தொண்டைப் புற்றைத் தடுக்கவும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அதை ஏற்றது. இந்தியாவில் சீரம் நிறுவனத்தின் உள்நாட்டுத் தடுப்பூசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. தமிழ்நாடு அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் படிப்படியாக இந்தத் தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. அந்த அறிவிப்பில் பையன்கள் இல்லை. வைரஸால் வரும் வாய்த்தொண்டைப் புற்று ஆண்களிடமே மிகுதி. பெண்களுக்குப் போடும் ஊசி பரவலைக் குறைத்து ஆண்களையும் ஓரளவு காக்கும், முழுமையாகக் காக்காது.

திருப்பூரில் இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. பள்ளிவழி போடும் ஊசி பள்ளியில் இருக்கும் பிள்ளைக்குத்தான் கிடைக்கும். எட்டாவதோடும் ஒன்பதாவதோடும் படிப்பை நிறுத்தி நூற்பாலை விடுதிக்கு வந்த பெண்பிள்ளைகளை இந்தப் பகுதி பல ஆண்டுகளாக அறியும். வேறு மாநிலத்திலிருந்து பெற்றோருடன் வந்து எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் ஏறாத பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். 2023 நவம்பரில் பக்கத்து ஈரோடு உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளுக்கான கண்டறியும் திட்டத்தை அரசு தொடங்கியது. 2024 ஜனவரியில் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' தொழிற்கூடங்களுக்கே சென்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறது. வாய்ச் சோதனையையும் புகையிலையை விட ஆலோசனையையும் பனியன் கம்பெனிக்குள் கொண்டுசெல்ல அதே வழி போதும். பள்ளிப் பதிவேட்டில் இல்லாத பிள்ளைகளுக்கான தடுப்பூசியை விடுதிகளுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் தனியே கொண்டுபோக வேண்டும்.